மேடத்துக்கு முதல் ஷிப்ட்

"சங்கு ஊதும்போதேவாக்கா?"

"ஊதும்போதேதான். முன்னாடியும் கூடாது, பின்னாடியும் கூடாது. சங்குச் சத்தம் ஏறி எறங்குறதுக்குள்ள உருண்டை மாட்டு வாயில இருக்கணும்."

"எந்தப் பக்கம் பாத்துக்கினு நிக்கணும்?"

"யாரு, நீயா மாடா?"

"ரெண்டு பேரும்தான்."

மார்த்தாள் புறங்கையால் வாயைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டாள். "சிம்னியப் பாத்து நில்லுங்க. எடது கையால கழுத்துத் தொங்கலச் சொறியணும், வலது கையால ஊட்டணும். ஊட்டும்போது ஒரு வார்த்தை சொல்லணும்."

"இன்னா வார்த்தை?"

"ஷிப்ட் ஆரம்பம்."

தனகோட்டி அதை உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மந்திரம் என்றால் கொஞ்சம் நீளமாக, நாக்குச் சுளுக்குகிறாற்போல இருக்கும் என்று நினைத்திருந்தாள். இது எளிதாகத்தான் இருந்தது.

உருண்டைக்குள் போகும் சரக்கை மார்த்தாள் ஏற்கெனவே ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். ஊறவைத்து அரைத்த வெந்தயம், ஒரு கை சீரகம், நிழலில் காயவைத்துப் பொடித்த முருங்கைக்கீரை, தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி, எல்லாவற்றையும் வெல்லம் போட்டுப் பிசைந்து சாத்துக்குடி அளவுக்கு உருட்ட வேண்டும். கிழங்கின் பேரைக் கேட்டதும் தனகோட்டி, "இன்னாக்கா இது, பால்காரிங்களக் கேலி பண்றாப்ல ஒரு பேரு" என்று சிரித்தாள். சரக்கிலும் அளவிலும் பொய் இல்லை. மார்த்தாளின் புருஷன் இன்னாசிராஜ் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆள். இருபத்தெட்டாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ், பின்பக்கம் பலாமரம், மரத்தடியில் இரண்டு ஜெர்சி மாடுகள். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. இலையும் விதையும் கிழங்கும் தின்றே இரண்டும் வாளி வாளியாகக் கறந்தன.

இவ்வளவு நல்ல ரகசியத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்தால் வாங்குகிறவளுக்கு அருமை தெரியாது என்று மார்த்தாள் நினைத்திருக்கலாம். அல்லது அன்றைக்கு அவளுக்குப் பொழுது போகாமல் இருந்திருக்கலாம். இரண்டாவதுதான் நிஜம். சங்கும் சிம்னியும் அந்த நிமிடத்தில் பலாமரத்தை அண்ணாந்து பார்த்தபடி அவள் இட்டுக்கட்டியவை.

தனகோட்டி மட்டும் வாசல் தாண்டியதும் ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால், மார்த்தாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பலாமரத்தின் மேல் சாய்ந்து குலுங்கியதைப் பார்த்திருப்பாள். அவள் திரும்பவில்லை. தலைக்குள் ஒரே ஓட்டம்: வெந்தயம் எங்கே வாங்குவது, ஆடி முடிய எத்தனை நாள்.

ஆடிதான் அவளுக்குக் கிடைத்திருந்த அவகாசம்.

பிளாக்குகள் முடிகிற இடத்தில், முந்திரித் தோப்பை ஒட்டி ஒப்பந்தத் தொழிலாளர்களின் கொட்டகை வீடுகள். அதில் நான்காவது தனகோட்டியின் வீடு. வீட்டுக்குப் பக்கத்தில், வீட்டைவிடக் கொஞ்சம் நல்ல கூரைக்குக் கீழே, மேடம்.

காடாம்புலியூரிலிருந்து தனகோட்டியின் அப்பா ஓட்டிக்கொண்டு வந்து விட்டபோது அந்த மாட்டுக்குப் பெயர் எதுவும் இல்லை. முதல் நாளே கழனித் தண்ணியை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஈரத் தரையில் படுக்க மறுத்தது. பக்கத்து வீட்டு ஆடு உரசியதற்கு நாள் முழுக்கக் கோபித்துக்கொண்டு நின்றது. "இது ஆபீசர் வூட்டு மேடம் மாதிரி இல்ல பண்ணுது!" என்று அவள் புருஷன் செங்குட்டுவன் சொன்னான். அன்றிலிருந்து மேடம்தான். பெயரோடு மரியாதையும் ஒட்டிக்கொண்டது. 'அது' என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வருவதில்லை. மேடம் சாப்பிட்டார், மேடம் சாணி போட்டார் என்றுதான் பேச்சு.

மாசி மாதம் மேடத்தின் கன்று கழிச்சல் கண்டு செத்துப்போனது. அத்தோடு பால் சரிந்தது. காலையில் மூன்று லிட்டர் கறந்தவர் ஒன்றரைக்கு இறங்கினார். அந்த ஒன்றரைக்கும் அரை மணி நேரம் காம்பைப் பிடித்துக்கொண்டு கெஞ்ச வேண்டும். கன்று வந்து முட்டாமல் பால் விடமாட்டேன் என்று மடியை இறுக்கிக்கொண்டு நிற்பார். தனகோட்டியின் முழங்கால்தான் வலிக்கும்.

செங்குட்டுவன் கணக்கு வேறு. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டின் கீழே சிந்தும் மண்ணை வாரும் ஒப்பந்த வேலை அவனுக்கு. தினம் சைக்கிளில் போய், சைக்கிளில் வந்து, நடு முதுகில் ஒரு வலி நிரந்தரமாகிவிட்டது. "எனக்கு முன்னாடி என் முதுகுவலி பர்மனென்ட் ஆயிடுச்சி" என்பான். கூட வேலை செய்கிறவன் ஒரு பழைய மொபெட்டை விற்கப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து அவன் பார்வை மேடத்தின் மேல் விழ ஆரம்பித்தது. மேடத்தை விற்றுவிட, பழனிசாமித் தரகருக்கு ஆள் அனுப்பினான். தரகர், "ஆடியில நான் மாடு புடிக்கமாட்டேன்பா. ஆவணி பொறந்த மறுநாள் காலைல வர்றேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அதைக் கேட்டு தனகோட்டி இரண்டு நாள் சோற்றை மூடி வைத்துவிட்டு மேடத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"பழயபடி மூணு லிட்டர் கறந்தா?"

"எப்டிக் கறக்கும்? நீ வந்து உள்ள ஊத்துவியா?"

"கறந்தா இன்னா பண்ணுவ, அதச் சொல்லு."

"அவரு வர்ற அன்னிக்கு, அவரு கண்ணு முன்னாடி, காலக் கறவையில மூணு லிட்டரு. இருந்தா மேடம் இருக்கட்டும். இல்லன்னா கயிறு அவரு கையில. அப்புறம் அழுதுகினு நிக்கக்கூடாது."

"யாரு அழுவுறா? நீதான் சைக்கிள மிதிச்சிக்கினு அழுவப்போற."

இப்படித்தான் பந்தயம் முடிவானது. மறுநாள் காலையில் தனகோட்டி மார்த்தாள் வீட்டுப் பலாமரத்தடியில் போய் நின்றாள்.

நெய்வேலியில் சுரங்கத்துச் சங்கு ஒரு நாளைக்கு மூன்று முறை ஊதும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. ஊர் முழுக்க அதற்குத்தான் எழுந்தது, அதற்குத்தான் தின்றது. கடிகாரம் வைத்திருந்தவர்களும் சங்கைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருப்பினார்கள். ஆகவே சங்குக்கு உருண்டை என்பதில் தனகோட்டிக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. இத்தனை மனிதர்கள் கேட்கிற சங்கை ஒரு மாடு கேட்டால் என்ன குறைந்துவிடும்? காலையும் மதியமும் கறவை. ஆகவே இரண்டு உருண்டை. இரவுச் சங்கை அவள் விட்டுவிட்டாள். மேடத்துக்கு நைட் ஷிப்ட் கிடையாது.

முதல் நாள் அனல்மின் நிலையத்துச் சிம்னியைப் பார்த்து நின்றாள். மேடத்தையும் கொம்பைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். சங்கு எழும்பியது. "ஷிப்ட் ஆரம்பம்" என்று உருண்டையை நீட்டினாள். மேடம் முகர்ந்து பார்த்தார். வெல்லத்தை நக்கினார். பிறகு உருண்டை முழுதையும் கையோடு சேர்த்து இழுத்தார். தனகோட்டி கையை மட்டும் மீட்டுக்கொண்டு, உடனே உட்கார்ந்து கறந்தாள்.

நான்காம் நாள் பார்வதி டீச்சர் பால் செம்பை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். குவார்ட்டர்ஸில் தனகோட்டியிடம் பால் வாங்கும் ஐந்து வீடுகளில் மிகக் கறாரான வீடு அது.

"தனகோட்டி, நேத்து காபி போட்டேன். சார் குடிச்சிட்டு, இட்லி எங்கேன்னு கேக்கறார்."

"ஏன் டீச்சர்?"

"வாசனை அப்படி. வெந்தயத்தை ஊறப்போட்ட பாத்திரத்தில கறந்தியா?"

"மருந்துப் பாலு டீச்சர். ஒடம்புக்கு நல்லது."

"உடம்புக்கு நல்லதா இருக்கட்டும். காபிக்கு நல்லதில்லையே!"

அடுத்த வீட்டில் பிள்ளை பெற்று இருபது நாளான ஒரு பெண். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்க அம்மா தினம் வெந்தயக் கஞ்சி குடின்னு உயிர வாங்குறாங்க. இதையே இன்னும் கால் லிட்டர் சேத்து ஊத்துங்கக்கா" என்றாள். ஆனால் ஐந்து வீட்டிலும் பச்சைப்பிள்ளை இருக்க முடியாது. தனகோட்டி மார்த்தாளிடம் ஓடினாள்.

மார்த்தாளுக்குக் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். "வாசனையா இருக்கிற எதையும் கறவைக்கு முன்னாடி குடுக்கக் கூடாது தனம். தின்ன கையோட கறந்தா பால்ல ஏறத்தான் செய்யும். கறந்து முடிச்சிட்டுக் குடு, அடுத்த கறவைக்குள்ள அடங்கிடும். வெந்தயத்தையும் பாதியாக் கொறச்சிடு."

"அப்ப சங்கு?"

அப்போதாவது மார்த்தாள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயெடுத்தாள்கூட. ஆனால் தனகோட்டியின் முகம் அவ்வளவு தீவிரமாக இருந்தது. ஒரு விளையாட்டை நடுவில் நிறுத்த மனம் வராத சிறுமியைப்போல, "சங்குக்குக் காட்டு. கறந்துட்டு ஊட்டு" என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அப்படியே நடந்தது. சங்கு ஊதும், தனகோட்டி உருண்டையை மேடத்தின் மூக்குக்கு நேராக ஒரு முறை காட்டி, கழுத்தைச் சொறிந்து, வார்த்தையைச் சொல்லி, உருண்டையைக் கூரைச் செருகலில் வைத்துவிட்டுக் கறக்க உட்காருவாள். கறந்து முடித்ததும் உருண்டை. பத்து நாளில் வெந்தய வாசனை போனது. பதினைந்து நாளில் ஒன்றரை லிட்டர் இரண்டானது. இருபதாம் நாள் இரண்டே கால். பால் கெட்டியாக, விரலில் ஒட்டுகிற மாதிரி இறங்கியது. பார்வதி டீச்சர் ஆடை எடுத்து வைத்து நெய் காய்ச்சியதாகத் தகவல் வந்தது.

உருண்டை அதன் வேலையைச் செய்துகொண்டிருக்க, சங்கும் ரகசியமாக ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தது மேடம்தான். சங்குச் சத்தம் எழும்பினால் இனிப்பு வரப்போகிறது என்று அவருக்குப் புரிந்துபோனது. சத்தம் காதில் விழுந்த கணம் இறுகியிருந்த மடி தானாகத் தளரும். தனகோட்டி தொடுவதற்கு முன்பே காம்பில் பால் துளிர்க்கும். கெஞ்சவே வேண்டாம். செத்துப்போன கன்றின் இடத்தில் ஊருக்கே ஊதுகிற சங்கு வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள் பகல் பதினொன்றுக்குத் தீயணைப்பு நிலையத்தில் சோதனைக்காக எதையோ ஊத, தோப்போரம் மேய்ந்துகொண்டிருந்த மேடம் சிம்னியின் பக்கம் திரும்பி நின்று அரை லிட்டரை மண்ணில் விட்டார்.

அதைவிடப் பெரிய ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தது.

செங்குட்டுவனுக்கு ஒரு வித்தை தெரியும். இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, அடித்தொண்டையிலிருந்து ஆரம்பித்து, கட்டைவிரல் இடுக்கு வழியாக மெல்ல மெல்ல மேலே ஏற்றுவான். அச்சு அசல் ஷிப்ட் சங்கு. ஒரு முறை டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்து ஊத, எட்டுப் பேர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கடைக்காரர் இன்னும் அவனை மன்னிக்கவில்லை. ஒரு சாயங்காலம் தெருப் பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாசலில் நின்று ஊதினான். உள்ளே விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த தனகோட்டிக்கு மாட்டுக் கொட்டகையிலிருந்து சளசளவென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், மேடம் சிம்னிப் பக்கம் திரும்பி நின்று, கண்ணை மூடிப் பால் பொழிந்துகொண்டிருந்தார்.

"பாவி! மண்ணுல ஊத்திட்டியே!"

"நான் எங்க ஊத்தினேன்? அவங்கதான் ஊத்துறாங்க" என்றான் செங்குட்டுவன். அவனுக்கே வியப்பு தாங்கவில்லை. "ஏ தனம், எனக்குக்கூட மேடம் மரியாத குடுக்குறாங்க பாரேன்!"

"மொபெட்டுக்காவ வேணும்னே பண்ற நீ. மேடத்துத் தலையில கை வையி. இனிமே ஊத மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"வெளயாட்டுக்கு ஊதினதுக்கு சத்தியமா?"

"வையிய்யா கைய!"

வைத்தான். மேடத்தின் இரண்டு கொம்புக்கும் நடுவில், சுழியின் மேல் உள்ளங்கையை வைத்து, இந்த ஜென்மத்தில் மேடம் காதுபட ஊதமாட்டேன் என்று சத்தியம் செய்தான். மேடம் தலையை அந்தக் கையோடு உரசினார். செங்குட்டுவன் கையை உடனே எடுக்கவில்லை என்பதைத் தனகோட்டி கவனித்தாள். மறுநாள் வேலை முடிந்து வரும்போது சைக்கிள் கேரியரில் ஒரு கட்டு முருங்கைக்கீரை இருந்தது. யாரோ வழியில் வெட்டிப் போட்டிருந்தார்களாம். அதற்கடுத்த நாளும் யாரோ வழியில் வெட்டிப் போட்டிருந்தார்கள்.

ஆடி கடைசி வாரம் காலைக் கறவை மூன்று லிட்டரைத் தொட்டது. அளவுச் செம்பை மூன்று முறை கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தாள் தனகோட்டி. மேலே ஒரு கை நுரை உபரி.

"உன் மொபெட்டுக்குச் சீக்கு வந்துடுச்சி மாமா" என்றாள் அன்று இரவுச் சோற்றின்போது.

செங்குட்டுவன் ரசத்தைக் குடித்துக்கொண்டே, "பாப்பம், பாப்பம். தரகரு முன்னாடி கறக்கட்டும்" என்றான். ஆனால் அவன் மனசு அங்கே இல்லை. அந்த வாரம் ஊரே வேறு பேச்சில் இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களை பர்மனென்ட் செய்யக் கேட்டு வேலைநிறுத்தம். ஆவணி பிறந்த மறுநாள் காலை முதல் ஷிப்டிலிருந்து. பர்மனென்ட் ஆட்களும் ஆதரவு. சங்கு ஊதுகிறவர் உட்பட.

முந்தின நாள் சாயங்காலம் ஆர்ச் கேட்டில் கூட்டம். தனகோட்டியும் போயிருந்தாள். தலைவர்கள் பேசி முடித்ததும், சத்தமான தொண்டை வேண்டும் என்று செங்குட்டுவனைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். அவன் முதலில் மைக்கைத் தட்டினான். பிறகு வேட்டியை இறுக்கிக்கொண்டான்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு நெய்வேலியில சங்குச் சத்தம் கேக்காது! கேக்குமா?"

"கேக்காது!"

"அப்டி எவனாவது ஊதினா?"

"விட மாட்டோம்!"

"ஊதினவன் யாரா இருந்தாலும், என் வூட்டு ஆளா இருந்தாலும், அவன் தொழிலாளி இல்ல!"

கைதட்டல் ஓயவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் தனகோட்டி, "எங்க வூட்டுக்காரரு" என்று சொல்லிக்கொண்டாள். அந்தப் பேச்சில் தன் மாடு இருந்தது என்பது அப்போது அவளுக்கு உறைக்கவே இல்லை.

உறைத்தது மறுநாள் காலை, சரியாக ஆறு மணிக்கு.

பழனிசாமித் தரகர் ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டார். தோளில் புதுக் கயிறு. மேடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, பல்லைப் பார்த்து, மடியைத் தட்டிப் பார்த்து, "மடி நல்லாத்தான் கனத்திருக்கு தங்கச்சி" என்றார். தனகோட்டி சிரித்தாள். வாலில் வைக்கோல் துணுக்கு இருந்ததை எடுத்துவிட்டாள். அளவுச் செம்பைக் கழுவி அவர் கண்ணில் படும்படி கல்லின் மேல் வைத்தாள். மேடத்தைச் சிம்னிப் பக்கம் திருப்பினாள். வலது கையில் உருண்டையோடு நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள்.

ஊர் அன்று வேறு ஊர்போல இருந்தது. கன்வேயரின் தூரத்து உறுமல்கூட இல்லை. முந்திரித் தோப்பில் இத்தனை பறவைகள் இருக்கின்றனவா என்று கேட்கிற அளவுக்குக் கத்தின. மேடம் ஒரு காதைச் சிம்னியின் பக்கம் திருப்பினார். பிறகு மற்றதையும் திருப்பினார்.

"இன்னாம்மா பாத்துக்கினு நிக்கிற? கற" என்றார் தரகர்.

"சங்கு..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். நேற்றுத் தட்டிய கைகளைக் குனிந்து பார்த்தாள்.

உட்கார்ந்து பிடித்தாள். கல். நீவினாள், விளக்கெண்ணெய் தடவினாள், "ஷிப்ட் ஆரம்பம், ஷிப்ட் ஆரம்பம்" என்று இருபது முறை சொன்னாள். உருண்டையை மூக்கிலேயே வைத்துத் தேய்த்தாள். மேடம் பெருமூச்சு விட்டார். சங்கு இல்லாத உருண்டையை அவர் நம்பவில்லை. செம்பின் அடியில் நாலு சொட்டு.

"மடிதான் பெருசா இருக்குது, எறங்கலியே" என்றார் தரகர். கயிறு தோளிலிருந்து கைக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, மூன்று லிட்டர் கறப்பதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு மார்த்தாள் வந்து சேர்ந்தாள். பின்னாலேயே வேலைநிறுத்தத்தில் இருந்த இன்னாசிராஜும் லுங்கியோடு வந்தான். என்ன நடக்கிறது என்று புரிய மார்த்தாளுக்கு அரை நிமிடம்தான் ஆனது.

"ஐயோ மாதாவே! தனம், அந்தச் சங்கு நான் சும்மா சொன்னதுடி!"

"இன்னா சும்மா?"

"வெளயாட்டுக்கு. சிம்னியும் சும்மா. ஷிப்ட் ஆரம்பமும் சும்மா. உருண்டை மட்டும்தான் நெசம்."

தனகோட்டி எழுந்து நின்றாள். "உனக்கு சும்மா. எனக்கும் சும்மான்னே வையி. இவங்களுக்கு யாரு போய்ச் சொல்றது, சும்மான்னு?"

மேடம் அங்கே நின்ற நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மார்த்தாள் பரிகாரத்தில் இறங்கினாள். முதலில் அவளே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊளையிட்டுப் பார்த்தாள். கோவிலில் முதல் வரிசையில் நின்று பாடுகிற குரல். நாலு தெரு நாய்கள்தான் பதில் சொல்லின. இன்னாசிராஜ் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். மேடம் வாலைத் தூக்கிச் சாணி போட்டார். பக்கத்து வீட்டிலிருந்து குக்கரைக் கொண்டுவந்து அடுப்பில் ஏற்றினார்கள். அதில் விசில் வந்தபோது மேடம் ஒரு நொடி காதை நிமிர்த்தி, பிறகு, 'இது பருப்பு' என்று கண்டுபிடித்தவர்போல அசைபோடத் தொடங்கினார். தரகர் சிரித்துச் சிரித்து இருமினார். "தங்கச்சி, இது மாடு இல்ல, டைம் ஆபீசு!"

"இன்னும் கொஞ்ச நேரம்ணே."

"ஏழு மணிக்கு நான் காடாம்புலியூர்ல இருக்கணும்மா. பேச்சு பேச்சுதான். எங்க உன் வூட்டுக்காரன்?"

அப்போதுதான் எல்லோரும் திரும்பினார்கள்.

செங்குட்டுவன் வேலியோரம் முருங்கை மரத்துக்குப் பின்னால், வாயில் வேப்பங்குச்சியோடு நின்றிருந்தான். மரம் ஒல்லி, அவன் அதன் இரண்டு பக்கமும் தெரிந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. குச்சியைத் தேய்க்கவில்லை, துப்பவும் இல்லை.

"என்னப் பாக்காதீங்க" என்றான்.

யாரும் பார்ப்பதை நிறுத்தவில்லை.

"இன்னா எல்லாரும்? அதோ பாருங்க, டீக்கடையாண்ட கொடியோட நம்ம ஆளுங்க நிக்கிறாங்க. முப்பது பேரு. இங்கேர்ந்து ஒரு கூப்பிடு தூரம். இப்ப சங்குச் சத்தம் கேட்டா இன்னா நெனப்பாங்க? நேத்து மைக்குல பேசினது எவன்?"

"நீதான்" என்றான் இன்னாசிராஜ் உதவியாக.

"அதான் சொல்றேன். அதில்லாம சத்தியம் வேற. இவ கேட்டு, அவங்க தலைல அடிச்சிப் பண்ண சத்தியம்."

"மொபெட்டு வேற" என்றாள் மார்த்தாள்.

செங்குட்டுவன் டீக்கடைப் பக்கம் பார்த்தான். அங்கே யாரோ கோஷத்தை ஆரம்பித்து, தொண்டை சரியில்லாமல் நிறுத்தி, "செங்குட்டுவன் எங்கய்யா?" என்று கேட்பது இங்கே வரை வந்தது. அவன் பார்வை திரும்பி மேடத்தின் மேல் வந்து நின்றது. மேடமும் அவனைத்தான் பார்த்தார். அன்றொரு சாயங்காலம் வாசலில் நின்று ஊதிய ஆள் இவர்தானே என்பதுபோல இரண்டு காதும் அவன் பக்கம் குவிந்திருந்தன. செங்குட்டுவன் வாயிலிருந்து வேப்பங்குச்சியை எடுத்தான். எடுத்ததற்காகவே பயந்துபோய்த் திரும்ப வைத்துக்கொண்டான்.

பழனிசாமித் தரகர் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். புதுக் கயிறு, அவிழும்போது முறுக்கென்று சத்தம் போட்டது.

தனகோட்டி செம்பை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்துக்கு அருகே வந்தாள். கோபம், கேலி, பந்தயம் எல்லாம் அவள் முகத்திலிருந்து எங்கோ போயிருந்தன. தலைக்கு மேல் கிளைகள் மொட்டையாக நின்றன. கீரை முழுதும் உருண்டைக்குப் போய்விட்டிருந்தது. அவள் அவன் கையைப் பிடித்து, கொட்டகைப் பக்கம் ஒரு எட்டு இழுத்தாள். அவன் ஒரு எட்டு வந்தான். டீக்கடையில் மறுபடியும் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"மாமா" என்றாள் மெதுவாக. "சத்தியத்த நான்தான வாங்குனேன், நானே வாபஸ் வாங்கிக்கிறேன். ஊரு கேக்க வேணாம். மேடம் காதாண்ட வாய வெச்சி, துண்டப் போத்திக்கினு, ஒரே ஒரு தரம்... ஊதேன் மாமா."